மேக்ரோ போட்டோகிராபி: பூவையும் பூச்சியையும் நெருங்கிப் படம் பிடிக்கலாம்

மேக்ரோ என்றதும் கம்ப்யூட்டர் பழகியவர்களுக்கு எக்ஸெலும் வேர்டும்தான் ஞாபகத்திற்கு வரும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் இருக்க நாம் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் அந்த மேக்ரோ வேறு. இங்கு நாம் பார்க்கப் போவது கேமராவில் உள்ள மேக்ரோ. ஒரு எறும்பின் முகத்தையோ, துளசிப் பூவின் மகரந்தத்தையோ மானிட்டர் முழுக்கப் பெரிதாகக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை எடுப்பதற்குப் பெயர்தான் மேக்ரோ போட்டோகிராபி.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உங்களிடம் உள்ள மொபைல் போனோ பழைய டிஜிட்டல் கேமராவோ போதும். கூடவே ஒரு கம்ப்யூட்டரும், நான்கு பூந்தொட்டிகளும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.

இதனால் என்ன பயன்?

அழகான படம் கிடைக்கும் என்பது ஒரு பயன். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

என் வீட்டு மொட்டை மாடியில் செம்பருத்தி, கறிவேப்பிலை, நந்தியாவட்டைத் தொட்டிகள் இருக்கின்றன. செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல மாவுப்பூச்சி வருவதைச் செடி வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் மருந்து அடிக்கத்தான் கை போகும். ஆனால் அந்த வெள்ளைக் கூட்டத்திற்குள் வேறு ஒரு ஆளும் இருக்கலாம். கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு அது. மாவுப்பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகைப் பூசிக்கொண்டு, மாவுப்பூச்சிகளையே தின்று வளரும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பொறிவண்டு 1898-ல் காப்பிச் செடியின் செதில் பூச்சியை அழிப்பதற்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. இன்றும் தென்னிந்தியாவில் மாவுப்பூச்சியைக் கட்டுப்படுத்த இதை வளர்த்துத் தோட்டங்களில் விடுகிறார்கள்.

வெறும் கண்ணுக்கு இரண்டும் வெள்ளைப் புள்ளிகள்தான். நல்ல மேக்ரோ படம் ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் எது எதிரி, எது நண்பன் என்று தெரிந்துவிடும். மருந்து அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த ஒரு படம் உதவும். ஆகவே நமக்கு வேண்டியது சுமாரான படம் அல்ல. காலும் மெழுகு இழையும் தனித்தனியாகத் தெரிகிற படம். அதை எப்படி எடுப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

மேக்ரோ என்றால் என்ன அளவு?

பொருளின் உண்மையான அளவும், கேமராவின் சென்சார் மீது விழும் பிம்பத்தின் அளவும் சமமாக இருந்தால் அதை 1:1 என்பார்கள். 5 மில்லிமீட்டர் எறும்பு சென்சார் மீதும் 5 மில்லிமீட்டர் நீளத்தில் விழுந்தால் அது 1:1. பாதி அளவில் விழுந்தால் 1:2. பழைய இலக்கணப்படி 1:1 அளவிற்குப் போனால்தான் மேக்ரோ. இன்று கடைகளில் 1:2, 1:4 தரும் லென்ஸ்கள் மீதும் மேக்ரோ என்று எழுதி விற்கிறார்கள். நிக்கான் கம்பெனி இதே வகை லென்ஸ்களுக்கு மைக்ரோ என்று பெயர் வைத்திருக்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மொபைல் போன்களில் சென்சார் மிகச் சிறியது. எனவே 1:1 கணக்கு அங்கே அவ்வளவாக உதவாது. அதற்குப் பதிலாக வீட்டில் உள்ள ஸ்கேலை வைத்து ஒரு சோதனை செய்யலாம்.

ஸ்கேல் சோதனை

1. பிளாஸ்டிக் ஸ்கேலை மேஜை மீது வையுங்கள். வெளிச்சம் நன்றாக இருக்கட்டும்.

2. தெளிவாக போகஸ் ஆகும் மிகக் குறைந்த தூரம் வரை கேமராவைக் கொண்டு போய் ஒரு படம் எடுங்கள். ஸ்கேல் படத்தின் இடமிருந்து வலம் முழுக்க வர வேண்டும்.

3. படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் வந்திருக்கின்றன என்று எண்ணுங்கள்.

4. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபில் படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்று பாருங்கள்.

பிக்சலை மில்லிமீட்டரால் வகுத்தால் உங்கள் கேமராவின் உண்மையான திறமை தெரிந்துவிடும். 12 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் சுமார் 4,000 பிக்சல். அதில் 40 மில்லிமீட்டர் தெரிந்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 100 பிக்சல் கிடைக்கிறது. 3 மில்லிமீட்டர் மாவுப்பூச்சிக்கு 300 பிக்சல். அடையாளம் காண இது போதும்.

விலை குறைந்த போன்கள் பலவற்றில் 2 மெகாபிக்சலில் தனியாக ஒரு மேக்ரோ கேமரா இருக்கும். அதன் படம் 1,600 பிக்சல் அகலம்தான். அதே 40 மில்லிமீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டருக்கு 40 பிக்சல்தான் வரும். மாவுப்பூச்சிக்கு 120 பிக்சல். இது போன்ற போன் வைத்திருப்பவர்கள் இரண்டு கேமராவிலும் ஸ்கேலைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மெயின் கேமராவில் சற்றுத் தள்ளி நின்று எடுத்து, தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் சில போன்களில் அதுவே நன்றாக இருக்கும்.

விலை உயர்ந்த போன்களில் வேறு முறை. பொருளுக்கு அருகே போனதும் தானாகவே அல்ட்ரா வைடு கேமராவிற்கு மாறி மேக்ரோ எடுக்கும். 2021-ல் வந்த ஐபோன் 13 புரோ இந்த முறையில் 2 சென்டிமீட்டர் தூரம் வரை போகஸ் செய்யும்.

டிஜிட்டல் ஜூமை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது புதிதாக எந்த விவரத்தையும் சேர்க்காது. இருப்பதை வெட்டிப் பெரிதாக்கும், அவ்வளவுதான். அந்த வேலையைப் பிறகு கம்ப்யூட்டரில் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.

மிக முக்கியமான விஷயம்: டெப்த் ஆப் பீல்ட்

மேக்ரோவில் எல்லாச் சிரமமும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

தூரத்தில் உள்ள மலையைப் படம் எடுத்தால் மலையும் மரமும் வீடும் எல்லாமே தெளிவாக இருக்கும். ஆனால் பொருளை நெருங்க நெருங்க, முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் பகுதி குறைந்துகொண்டே போகும். இந்தத் தெளிவான பகுதியின் ஆழத்தைத்தான் டெப்த் ஆப் பீல்ட் என்கிறார்கள். புல் பிரேம் எனப்படும் 36 x 24 மில்லிமீட்டர் சென்சார் உள்ள கேமராவில், அப்பர்ச்சர் எப் 11 வைத்தால் வழக்கமான கணக்குப்படி கிடைக்கும் ஆழம் இது:

1:4 அளவில் - சுமார் 13 மில்லிமீட்டர்
1:2 அளவில் - சுமார் 4 மில்லிமீட்டர்
1:1 அளவில் - சுமார் 1.3 மில்லிமீட்டர்

கடைசி வரியைப் பாருங்கள். வீட்டு ஈ ஒன்றின் நீளம் 6, 7 மில்லிமீட்டர். ஈ நேராக உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் தெளிவாக இருக்கும்போது இறக்கை மங்கிப் போகும். இறக்கை தெளிவாக இருந்தால் கண் போய்விடும். மெல்லிய ஒரு கண்ணாடித் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகட்டின் மீது இருப்பது மட்டுமே தெளிவாக வரும். அந்தத் தகட்டை எங்கே வைப்பது என்பதுதான் மேக்ரோ எடுப்பவரின் வேலை.

அப்படியானால் அப்பர்ச்சரை எப் 22 என்று குறைத்துவிட்டால் ஆழம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். ஆனால் துவாரம் மிகச் சிறியதானால் ஒளி வளைந்து பரவி, படம் முழுவதுமே லேசாக மங்கும். இதற்கு டிப்ராக்ஷன் என்று பெயர். 1:1 அளவில் இது இரட்டிப்பாகத் தாக்கும். கேமராவில் எப் 16 என்று வைத்தால் விளைவு எப் 32 வைத்தது போல இருக்கும். ஆகவே எப் 8 முதல் எப் 11 வரை வைப்பது நல்லது.

மொபைல் போன் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. சென்சார் சிறியதாக இருப்பதால் போனில் ஆழம் அதிகமாகவே கிடைக்கும். அதனால் புதியவர்களுக்குப் போனில் பழகுவது சுலபம்.

தகட்டை எங்கே வைப்பது?

நான் பின்பற்றும் விதிகள் மூன்றுதான்.

கண்ணில் போகஸ் செய்யுங்கள்: பூச்சியின் கண் தெளிவாக இருந்தால், கால் மங்கலாக இருந்தாலும் படம் நன்றாகத்தான் தெரியும். கண் மங்கினால் மற்றது எவ்வளவு தெளிவாக இருந்தும் பயன் இல்லை. குதிக்கும் சிலந்திக்கு எட்டுக் கண்கள். முன்னால் உள்ள இரண்டு பெரிய கண்களில் போகஸ் செய்யுங்கள். வீட்டுச் சுவரிலேயே கிடைக்கும். ஓடி ஒளியாமல் நின்று நம்மைத் திரும்பிப் பார்க்கும். பழகுவதற்கு அதைவிட நல்ல மாடல் கிடையாது.

நீளவாக்கில் எடுங்கள்: பட்டாம்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால் கேமராவின் பின்பக்கத்தை இறக்கைக்கு இணையாகப் பிடியுங்கள். அப்போது இறக்கை முழுவதும் அந்தத் தகட்டிற்குள் அடங்கிவிடும். புழுவையும் ஊசித்தும்பியையும் பக்கவாட்டில் எடுப்பதற்கு இதுதான் காரணம்.

உடம்பால் போகஸ் செய்யுங்கள்: இவ்வளவு அருகில் ஆட்டோ போகஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். லென்ஸ் மாற்றும் கேமரா என்றால் மேனுவல் போகஸ் வைத்து, வேண்டிய அளவை முதலிலேயே அமைத்துவிட்டு, கேமராவோடு நீங்கள் மெதுவாக முன்னும் பின்னும் நகருங்கள். கண் தெளிவான நொடியில் பட்டனை அழுத்துங்கள். போனில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மாடல்களில் போகஸ் லாக் ஆகிவிடும். பிறகு போனை நகர்த்தினால் போதும். ஒரே படம் எடுத்துவிட்டு நிறுத்தாமல், பர்ஸ்ட் முறையில் பத்துப் பதினைந்து படங்கள் எடுங்கள். அவற்றில் ஒன்றிரண்டு சரியாக வந்தாலே வெற்றிதான். மெமரி கார்டில் பிலிம் செலவு இல்லை.

ஒளியும் நேரமும்

காலை நேரம்தான் மேக்ரோவிற்கு உகந்தது. பூச்சிகளுக்கு நம்மைப் போல உடலுக்குள் நிலையான வெப்பம் கிடையாது. இரவுக் குளிரில் விறைத்திருக்கும் பூச்சி வெயில் ஏறும் வரை சோம்பலாகவே இருக்கும். காற்றும் குறைவு. பனித்துளி வேறு கிடைக்கும். பத்து மணிக்குப் பறந்தோடும் தும்பி, ஆறரை மணிக்கு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

உச்சி வெயில் வேண்டாம். வெள்ளைப் பகுதி வெளுத்து, நிழல் கறுத்துவிடும். மாவுப்பூச்சி போன்ற வெள்ளைப் பொருளில் மெழுகு இழைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் தெரியும். வெயிலில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் செடிக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு டிரேசிங் பேப்பரைப் பிடியுங்கள். ஒளி பரவி மென்மையாகிவிடும். நிழல் விழும் பக்கத்தில் சிறிய தெர்மோகோல் துண்டு ஒன்றை வைத்தால் அந்தப் பக்கமும் வெளிச்சம் வரும். இரண்டும் ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும்.

போனில் உள்ள எல்இடி பிளாஷை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். நான்கு சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒரு பக்கத்தை மட்டும் சுட்டு வெளுக்கச் செய்யும். கேமராவில் பிளாஷ் இருந்தால் அதன் முன்னால் டிரேசிங் பேப்பரையோ வெள்ளைத் துணியையோ கட்டிப் பயன்படுத்தலாம். பிளாஷ் ஒளி மிகக் குறைந்த நேரமே மின்னுவதால் கை நடுக்கமும் பூச்சியின் அசைவும் படத்தில் தெரியாது.

பிளாஷ் இல்லாமல் கையில் பிடித்துப் பூச்சியை எடுக்கிறீர்கள் என்றால் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையானால் ஐஎஸ்ஓவை 400 அல்லது 800 வரை கூட்டலாம். பூவை டிரைபாட் வைத்து எடுக்கும்போது ஐஎஸ்ஓ 100 போதும். இரண்டு நொடி டைமர் வைத்தால் பட்டனை அழுத்தும்போது வரும் ஆட்டமும் இருக்காது. காற்றில் ஆடும் காம்பை, மண்ணில் ஊன்றிய குச்சியோடு துணி கிளிப் போட்டு நிறுத்துங்கள். காம்பு நசுங்காமல் கிளிப்பிற்குள் சிறிது பஞ்சு வையுங்கள்.

என்ன வாங்கலாம்?

முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். இருப்பதை வைத்து எடுத்துப் பழகுங்கள். பழைய டிஜிட்டல் கேமராவாக இருந்தால் பூ படம் போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதுதான் மேக்ரோ மோடு. பிறகு தேவை தெரிந்து, கீழே உள்ள வரிசையில் யோசிக்கலாம்.

கிளிப் லென்ஸ்: போன் கேமராவின் மீது மாட்டும் சிறிய லென்ஸ். செலவு குறைவு. படத்தின் நடுப்பகுதி தெளிவாகவும் ஓரங்கள் சற்று மங்கலாகவும் இருக்கும். பூச்சியை நடுவில் வைத்து எடுங்கள்.

குளோசப் பில்டர்: கேமரா லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் பூதக்கண்ணாடி. டயாப்டர் எண்ணில் கிடைக்கும். கேமரா லென்ஸை இன்பினிட்டியில் வைத்தால் 100-ஐ டயாப்டர் எண்ணால் வகுத்து வருவதுதான் சென்டிமீட்டரில் போகஸ் தூரம். +4 என்றால் 25 சென்டிமீட்டர். +10 என்றால் 10 சென்டிமீட்டர்.

எக்ஸ்டென்ஷன் டியூப்: கேமராவிற்கும் லென்ஸிற்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய். உள்ளே கண்ணாடி கிடையாது. 50 மில்லிமீட்டர் லென்ஸுடன் 25 மில்லிமீட்டர் குழாய் சேர்த்தால், லென்ஸ் தனியாகத் தரும் அளவோடு பாதி அளவு கூடுதலாகக் கிடைக்கும். வாங்கும்போது லென்ஸிற்கு மின் இணைப்பு தரும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பல கேமராக்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது.

ரிவர்ஸ் ரிங்: லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்ட உதவும் வளையம். பழைய பிலிம் கேமராவின் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வீட்டில் கிடந்தால் அதற்கு இது ஏற்றது. ஏனென்றால் அந்த லென்ஸ்களில் அப்பர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் இருக்கும்.

மேக்ரோ லென்ஸ்: எல்லாவற்றிலும் சிறந்தது, செலவும் அதிகம். 100 மில்லிமீட்டர் அளவில் உள்ளவை பூச்சியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று எடுக்க உதவும். பூச்சி பயந்து ஓடாது.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

யுஎஸ்பி கேபிளில் போனை இணைத்து, போன் திரையில் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் கம்ப்யூட்டரில் திஸ் பிசி திறந்து, போன் பெயர், இன்டர்னல் ஸ்டோரேஜ், டிசிஐஎம், கேமரா என்று போனால் படங்கள் இருக்கும். கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு போனில் அழிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கம் பலருக்கு உண்டு. மேக்ரோ படத்திற்கு அது சரிவராது. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். நாம் பாடுபட்டு எடுத்த மெழுகு இழை எல்லாம் அதில் போய்விடும். படத்தோடு சேர்ந்திருக்கும் தேதி, அப்பர்ச்சர் விவரங்களும் போய்விடும். வேறு வழியில்லை என்றால் டாகுமெண்ட் ஆக அனுப்புங்கள்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு போல்டர் போடுங்கள். பெயரில் முதலில் வருடம், பிறகு மாதம், பிறகு தேதி, கடைசியில் செடியின் பெயர். உதாரணமாக 2025-07-14 செம்பருத்தி. இப்படி வைத்தால் போல்டர்கள் தாமாகவே நாள் வரிசையில் நிற்கும்.

இனி ஒவ்வொரு படத்தையும் 100% அளவில் பாருங்கள். திரைக்குள் சுருங்கி நிற்கும்போது எல்லாப் படமும் தெளிவாகத்தான் தோன்றும். 100% வைத்தால்தான் தகடு கண்ணில் விழுந்ததா, காதுக்குப் பின்னால் விழுந்ததா என்பது போன்ற உண்மை தெரியும். கண் மங்கிய படங்களை இரக்கமில்லாமல் நீக்குங்கள்.

ஜிம்ப்பில் சிறு திருத்தங்கள்

1995-ல் அமெரிக்க மாணவர்கள் இருவர் தொடங்கிய ஜிம்ப் இன்றும் இலவசமாகக் கிடைக்கும் படத் திருத்த சாப்ட்வேர். அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். மேக்ரோ படத்திற்கு நான்கு வேலைகள் போதும்.

1. பைல் மெனுவில் ஓபன் கொடுத்துப் படத்தைத் திறங்கள். கீபோர்டில் 1 அழுத்தினால் 100% அளவில் தெரியும்.

2. கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கிளிக் செய்யுங்கள். மலை போன்ற ஒரு வரைபடம் தெரியும். அதன் கீழே உள்ள கறுப்பு முக்கோணத்தை மலை தொடங்கும் இடத்திற்கும், வெள்ளை முக்கோணத்தை மலை முடியும் இடத்திற்கும் நகர்த்துங்கள். மங்கிய படம் தெளிவு பெறும்.

3. கிராப் டூலால் வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். பூச்சி பார்க்கும் திசையில் சிறிது இடம் விடுங்கள்.

4. பில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதில் ஷார்ப்பன் (அன்ஷார்ப் மாஸ்க்). ரேடியஸ் 1, அமவுண்ட் 0.5 என்று தொடங்கிப் பாருங்கள். அதிகமாக்கினால் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும்.

பிறகு சேவ் கொடுத்தால் ஜிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎப் பைலாகச் சேமிக்கும். மற்றவர்களுக்கு அனுப்ப, பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து வேறு பெயரில் ஜேபெக் ஆக எடுங்கள். தரம் 90 இருக்கட்டும். கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தின் மீது எப்போதும் சேவ் செய்யாதீர்கள். ஜேபெக் பைலைத் திருத்தி மீண்டும் மீண்டும் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும்.

இன்னொரு எச்சரிக்கை. போகஸ் தப்பிய படத்தை ஷார்ப்பன் காப்பாற்றாது. ஏஐ மூலம் படத்தைத் தெளிவாக்கும் சாப்ட்வேர்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன. அவை இல்லாத முடியையும் இழையையும் தாமாகவே கற்பனை செய்து வரைந்துவிடும். சுவரில் மாட்டும் படத்திற்கு அது உங்கள் விருப்பம். பூச்சியை அடையாளம் காண்பதற்கான படத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒரு படம் போதவில்லை என்றால்

பூ முழுவதும் தெளிவாக வேண்டும், ஆனால் தகடோ மெல்லியது. இதற்குக் கம்ப்யூட்டர் ஒரு வழி தருகிறது. போகஸை இதழின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை சிறிது சிறிதாக நகர்த்திப் பத்து, இருபது படங்கள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் எடுத்து, சாப்ட்வேர் ஒரே படமாகச் சேர்த்துவிடும். இதற்கு போகஸ் ஸ்டேக்கிங் என்று பெயர். பிகோலே இலவச சாப்ட்வேர். ஹெலிகான் போகஸ், ஜெரின் ஸ்டேக்கர் இரண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை. டிரைபாட் அவசியம். அசையாத பூவிலும் விதையிலும் தொடங்குங்கள்.

பூச்சியின் பெயர் என்ன?

ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படத்தை ஏற்றினால் என்ன இனமாக இருக்கலாம் என்று அதுவே சொல்லும். தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துவார்கள். 2008-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் புராஜெக்ட்டாகத் தொடங்கியது இது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, அது உட்கார்ந்திருந்த செடி ஒன்று என நான்கு படங்கள் கொடுத்தால் விடை சரியாகக் கிடைக்க வாய்ப்பு அதிகம். தேதியும் இடமும் சேர்ந்த படம் ஆராய்ச்சியாளர்களுக்கும் பயன்படும். ஆனால் வீட்டு மாடியில் எடுத்த படத்தில் உங்கள் வீடு இருக்கும் இடம் துல்லியமாகப் பதிவாகியிருக்கலாம். அங்கே ஜியோபிரைவசி பகுதியில் அப்ஸ்க்யூர்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியான இடம் வெளியே தெரியாது.

நம் செம்பருத்திக்கு வருவோம். படத்தை 100% வைத்து இதையெல்லாம் பாருங்கள். மாவுப்பூச்சி சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். மெழுகு இழைகள் குட்டையாக இருக்கும். பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். பொறிவண்டின் புழு 13 மில்லிமீட்டர் வரை வளரும். இழைகள் நீளமாக, ஒழுங்கில்லாமல் தொங்கும். குச்சியால் இலையை லேசாகத் தட்டினால் வேகமாக நகரும். இந்தப் புழு இரண்டு மூன்று தென்பட்டாலே மருந்தைக் கீழே வைத்துவிடுங்கள். தினமும் அதே கொழுந்தை அதே தூரத்தில் படம் எடுத்து, போல்டரில் வரிசையாக வைத்துப் பாருங்கள். வெள்ளைக் கூட்டம் குறைகிறதா, கூடுகிறதா என்று படங்களே சொல்லும். கூடிக்கொண்டே போனால் அப்போது வேறு வழி பார்க்கலாம்.

கடைசியாகச் சில குறிப்புகள்

* படத்திற்காகப் பூச்சியை பிரிட்ஜில் வைக்காதீர்கள், ஒட்டாதீர்கள், காலைக் கட்டாதீர்கள். அதிகாலையில் போனால் அது தானாகவே அசையாமல் இருக்கும்.

* உங்கள் நிழல் பூச்சியின் மீது விழாமல் மெதுவாக நெருங்குங்கள். நிழல் விழுந்தால் பறந்துவிடும்.

* கம்பளிப்பூச்சியைத் தொடாதீர்கள். குளவிக் கூட்டின் அருகே பிளாஷும் வேண்டாம், நெருங்கவும் வேண்டாம்.

* புதருக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள்.

* முக்கியமான போல்டர்களை இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுத்து வையுங்கள்.

முதல் வாரப் பயிற்சி: முதல் நாள் ஸ்கேலை நேராக வைத்துச் சோதனை. இரண்டாம் நாள் அதே ஸ்கேலைச் சாய்த்து வைத்து எடுத்து, எத்தனை மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். உங்கள் கேமராவின் டெப்த் ஆப் பீல்ட் எவ்வளவு என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். மூன்றாம், நான்காம் நாள் பூக்கள். ஐந்தாம் நாள் காலை சுவரில் உள்ள குதிக்கும் சிலந்தி. ஆறாம் நாள் ஒரே செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, இலைக்கு அடியிலும் கொழுந்திலும் கண்ணில் படும் எல்லாவற்றையும் எடுங்கள். ஏழாம் நாள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 100% வைத்துப் பாருங்கள். ஒரு தொட்டிச் செடியில் இத்தனை பேர் குடியிருக்கிறார்களா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.